கை நரம்பில் அடிபட்ட பிறகு மறுபடி பைக் ஓட்டுவது: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பைக்கிலிருந்து விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறு பக்கமும் இழுபட்டால், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றை நைந்துபோகும். சில சமயம் அறுந்தே போகும். மருத்துவர்கள் இதை பிரேக்கியல் பிளக்ஸஸ் காயம் என்பார்கள். எலும்பு ஒன்றும் முறியாமலே கை தொங்கிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

என் தம்பிக்கு இடது கையில் இது நடந்தது. தோளும் முழங்கையும் செயலிழந்தன, விரல்கள் தப்பின. அறுவை, பயிற்சி, மறுபடி வண்டி என்று எல்லாக் கட்டத்திலும் கூடவே இருந்தேன். அதற்கப்புறம் மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டிப் பக்கமிருந்து இதே காயத்தோடு பலர் வந்து பேசியிருக்கிறார்கள். பாடுபடுவதில் அவர்கள் யாரும் குறை வைக்கவில்லை. வரிசைதான் மாறிப்போகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மாதத்தில் எண்ணெய் தேய்க்கிறார்கள். கையை ஓய்வாக வைக்க வேண்டிய வாரத்தில் பந்து பிசைகிறார்கள். கை மடங்கத் தொடங்கியதுமே வண்டிச் சாவியைத் தேடுகிறார்கள். அதனால் இங்கே வரிசையைத்தான் அழுத்திச் சொல்லப்போகிறேன். மருந்தும் அறுவையும் உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. அவரிடம் எப்போது போவது, என்ன கேட்பது, வீட்டில் என்ன செய்வது என்பதற்குத்தான் இது.

1. முதலில் தயாராக இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, விபத்து நடந்த தேதியை முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். எல்லாக் கெடுவும் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது.

கை அசைவைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். தோளைத் தூக்குவது, முழங்கையை மடக்குவது, நீட்டுவது, மணிக்கட்டை உயர்த்துவது, விரலை மூடித் திறப்பது என்று ஐந்தையும் மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுத்தால் போதும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. மூன்று மாத வீடியோவை வரிசையாக ஓட்டினால் மருத்துவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, விபத்தின் எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அறுவைக்குக் காப்பீட்டு ஒப்புதல் வாங்க நாள் பிடிக்கும். ஒரு காகிதத்துக்காகக் கோயம்புத்தூரிலிருந்து உச்சிப்புளிக்குத் திரும்பி வருவது கெடுவில் ஒரு வாரத்தைத் தின்றுவிடும்.

2. முதல் மூன்று வாரம்: கையைக் காப்பாற்றுங்கள், வேலை வாங்காதீர்கள்

விபத்து நடந்த உடனே தலைக்காயம், நெஞ்சு, இரத்தப்போக்கு இவற்றைத்தான் பார்ப்பார்கள், அதுதான் முறை. தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஆனால் மயக்கத்தில் இருப்பவரின் கை தொங்குவது யார் கண்ணிலும் படாமல் போய்விடும். காரை எலும்பு முறிந்திருந்தால், வலியால்தான் தூக்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். நினைவு திரும்பியதும் விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லிப் பாருங்கள். அசையாததை மருத்துவரிடம் சொல்லி, கேஸ் சீட்டில் எழுத வையுங்கள்.

கை சில்லென்று வெளிறிப்போயிருந்தாலோ மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலோ அந்த நிமிடமே சொல்லுங்கள். நரம்போடு இரத்தக் குழாயும் அறுந்திருக்கலாம். அது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய விஷயம்.

அடிபட்ட பக்கம் கண்ணிமை லேசாகத் தாழ்ந்து, கருவிழிப் பாவை மற்றதைவிடச் சிறிதாக இருந்தால் அதையும் காட்டுங்கள். நரம்பு தண்டுவடத்திலிருந்தே பிய்ந்திருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம். அப்படிப் பிய்ந்த வேர் தானாக ஒட்டாது. ஆகவே நிபுணரிடம் சீக்கிரம் போக வேண்டும்.

உட்கார்ந்திருக்கும்போதும் நடக்கும்போதும் கை ஸ்லிங்கில் இருக்கட்டும். தோளைப் பிடித்து வைக்கும் தசைகள் வேலை செய்யாததால், கையின் கனமே மூட்டைக் கீழே இழுத்து நழுவ வைக்கும். படுக்கும்போது கைக்கு அடியில் தலையணை வைத்து, விரல் நுனி இதயத்தைவிட உயரமாக இருக்கும்படி பாருங்கள், வீக்கம் குறையும். பைக்கில் பின்னால் உட்கார வைத்து ஊருக்குள் கூட்டிப் போவதை இந்த வாரங்களில் அறவே விடுங்கள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு வேகத்தடையில் தூக்கிப் போட்டால் மறுபடி கழுத்துதான் இழுபடும்.

3. மூன்றாம் வாரம் முதல் ஆறாம் மாதம் வரை: இதுதான் கெடு

இந்தப் பகுதியை வீட்டில் உள்ளவர்களும் படிக்க வேண்டும். கை திரும்புமா திரும்பாதா என்பது பெரும்பாலும் இந்த மாதங்களில் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.

நரம்புக் காயம் மூன்று விதம். முதல் விதத்தில் நரம்பு அதிர்ச்சியில் இருக்கும், அறுந்திருக்காது. சில வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் தானாகவே திரும்பும். இரண்டாவதில் உள்ளிழை அறுந்து உறை மட்டும் நிற்கும். அந்த இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், மாதம் சுமார் 3 சென்டிமீட்டர் வளரும். மூன்றாவதில் நரம்பே அறுந்தோ வேரோடு பிய்ந்தோ போயிருக்கும். அறுவை இல்லாமல் திரும்பாது. முதல் நாளில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். கை தொங்கும், அவ்வளவுதான்.

தசையின் மின் துடிப்பைப் பார்க்கும் இ.எம்.ஜி., நரம்பில் மின்சாரம் ஓடுவதை அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனை இரண்டையும் மூன்று, நான்கு வாரம் கழித்து எடுப்பதற்குக் காரணம் இதுதான். அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி பட்டுப்போய், அந்த மாற்றம் தசையில் தெரிய அவ்வளவு நாள் ஆகும். முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டு ‘ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது’ என்று நிம்மதியடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது. கழுத்து எம்.ஆர்.ஐ.யிலும், வேர் பிய்ந்த இடத்தில் நீர்ப்பை கட்டுவது சில வாரம் கழித்துத்தான் தெளிவாகத் தெரியும்.

இனி கணக்கைப் பாருங்கள். நரம்பு போய்ச் சேராத தசை சூம்பிக்கொண்டே வரும். ஒன்று, ஒன்றரை வருடம் தாண்டினால், நரம்பு வந்து சேர்ந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளும் முனைகள் தசையில் இருக்காது. கழுத்தில் அறுந்த இடத்துக்கும் முழங்கையை மடக்கும் தசைக்கும் நடுவே 25 சென்டிமீட்டர் என்றால் இழை போய்ச் சேரவே எட்டு மாதத்துக்கு மேல் வேண்டும். ஆறாம் மாதத்தில் அறுவை செய்தால் பதினான்கு, பதினைந்தாம் மாதத்தில்தான் போய்ச் சேரும். பத்தாம் மாதத்தில் செய்தால் பெரும்பாலும் வீண்தான். அதனால்தான் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் நரம்பு அறுவை என்கிறார்கள். வேர் பிய்ந்தது உறுதியானால் இன்னும் முன்னதாகவே.

மூன்றாம் மாத முடிவில் முழங்கை மடங்கும் தசையில் ஒரு சின்னத் துடிப்பு கூட இல்லையென்றால், இந்த அறுவை வழக்கமாக நடக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். எலும்பு மருத்துவர் ஒவ்வொருவரும் இதைச் செய்வதில்லை. கை அறுவையும் நுண் அறுவையும் செய்யும் துறை வேண்டும். சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைத் துறையும், கோயம்புத்தூரில் கங்கா மருத்துவமனையும் இதில் பேர் பெற்றவை. ராமநாதபுரத்திலோ மதுரையிலோ பார்க்கும் மருத்துவரிடம் “நரம்பு மாற்று அறுவைக்கு எங்கே அனுப்புவீர்கள், எந்த மாதம் அனுப்புவீர்கள்?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, எண்ணெய்க் கட்டு. ஒரு மண்டலம், இன்னொரு மண்டலம் என்று நாலைந்து மாதம் அப்படியே ஓடிவிடும். அறுந்த நரம்பை எண்ணெயும் இணைக்காது, கட்டும் இணைக்காது. அதிலும் உணர்வில்லாத கையில் சூடாகக் கட்டினால் கொப்பளித்துப் புண்ணாகிவிடும். இரண்டு, “விரல் அசைகிறதே, மேலே தானாக வந்துவிடும்” என்ற நம்பிக்கை. விரலுக்குப் போகும் வேர்கள் கழுத்தின் அடியில் இருப்பவை, தோளுக்கும் முழங்கைக்கும் போகும் வேர்கள் மேலே இருப்பவை. கீழ் வேர் தப்பியது மேல் வேருக்குச் சாட்சி ஆகாது.

4. காத்திருக்கும் காலத்தில் மூட்டு இறுகாமல் பார்ப்பது

நரம்பு வந்து சேரும் நாளில் மூட்டு விறைத்திருந்தால், உயிர் வந்த தசையால் அதை அசைக்க முடியாது. வருடம் முழுக்கக் காத்திருந்து இதில் கோட்டை விடுவது பெரிய கொடுமை.

நல்ல கையாலோ வீட்டார் உதவியாலோ ஒவ்வொரு மூட்டையும் தினமும் இரண்டு மூன்று வேளை முழு அளவுக்கு அசைத்துக் கொடுங்கள். அதிகம் மறந்துபோவது இரண்டு: தோளை வெளிப்பக்கம் திருப்புவது, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டை மடக்குவது. ஸ்லிங்கிலேயே இருக்கும் கைக்குத் தோள் உட்பக்கமாகத் திரும்பி இறுகிவிடும். பின்னாளில் ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க வேண்டியது அந்தத் தோள்தான்.

தோளைத் தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு கை தோள்பட்டை எலும்பைத் தாங்க, மற்றது முழங்கைக்கு அடியில் இருக்க வேண்டும். இதைப் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை செய்து காட்டட்டும், வீட்டில் ஒருவர் பழகிக்கொள்ளட்டும். பிசியோ வரைக்கும் போய்வர வசதியில்லாத ஊர்களுக்கு, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரிவதும், நசுக்குவதும், மின்சாரம் பாய்வதும் போன்ற நரம்பு வலி இரவில்தான் கூடும். சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. பிரிகாபலின், காபாபென்டின் போன்றவற்றை மருத்துவர் எழுதுவார். அவை தூக்கமும் கிறுகிறுப்பும் தரும், சட்டென்று நிறுத்தவும் கூடாது. வண்டிப் பேச்சு எடுக்கும்போது இந்த மாத்திரையை மறந்துவிடாதீர்கள். எட்டாம் பகுதியில் மறுபடி வரும்.

5. உணர்வில்லாத கையோடு இந்தக் கரையில் வாழ்வது

உணர்வு போன கைக்குச் சூடும் தெரியாது, வெட்டும் தெரியாது. டீ டம்ளர், இஸ்திரிப் பெட்டி, வெயிலில் நின்ற வண்டியின் பெட்ரோல் டேங்க், சைலன்சர் எல்லாமே ஆபத்து. மீன் வேலை செய்கிறவர்களுக்கு ஐஸ் பெட்டியும்தான். ஐஸுக்குள் கை கிடந்தால் தோல் வெந்தது போலவே கெட்டுப்போகும். கெளுத்தி முள் குத்தியது மறுநாள் வீங்கிய பிறகே தெரியும்.

தினமும் சாயங்காலம் கையைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு வரை கண்ணால் பாருங்கள். உப்புக்காற்றில் தோல் காய்ந்து வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சீமைக்கருவேல முள் ஏறியிருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

6. அறுவைக்குப் பிறகு: புது வழியில் தசையை எழுப்புவது

அறுவை முடிந்து பொதுவாக மூன்று வாரம் கை உடம்போடு சேர்ந்தே இருக்கும். தைத்த நரம்பு இழுபடக் கூடாது. அதற்குப் பிறகு மறுபடி நான்காம் பகுதிப் பயிற்சி. தசையில் முதல் துடிப்பு வர மாதங்கள் ஆகும்.

இங்கே பலருக்குப் புரியாதது ஒன்று. நரம்பு மாற்று அறுவையில், வேறு வேலை செய்துகொண்டிருந்த நரம்பின் ஒரு பங்கைப் பிரித்து, செத்த தசைக்குக் கொடுக்கிறார்கள். 1994-இல் வெளிவந்த ஓபர்லின் முறையில், விரலுக்கும் மணிக்கட்டுக்கும் போகும் நரம்பின் ஓர் இழையை எடுத்து, முழங்கையை மடக்கும் தசைக்கு இணைப்பார்கள். இணைப்பு தசைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சீக்கிரம் போய்ச் சேரும். ஆனால் மூளைக்கு இந்த மாற்றம் தெரியாது. அது பழைய வழியிலேயே ‘முழங்கையை மடக்கு’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வழிதான் அடைபட்டுவிட்டதே.

ஆகவே எந்த நரம்பு கொடுத்ததோ அதன் பழைய வேலையைச் செய்துகொண்டே புது வேலையை நினைக்க வேண்டும். ஓபர்லின் முறை என்றால் கையை இறுக்க மூடி, மணிக்கட்டை மடக்கியபடியே முழங்கையை மடக்க முயல வேண்டும். விலா நரம்பைக் கொடுத்திருந்தால் ஆழமாக மூச்சிழுக்கும்போது. தோளுக்குக் கழுத்து நரம்பைக் கொடுத்திருந்தால் தோளைக் குலுக்கியபடி. டிஸ்சார்ஜ் ஆகும்போது “எந்த நரம்பை எதற்குக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டு, தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இது தெரியாமல் உள்ளூர்ப் பிசியோவால் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் துடிப்பு வந்ததும் கனம் தூக்க வேண்டாம். மேசையில் பவுடர் தூவி, கையைப் பக்கவாட்டில் வைத்து, வழுக்கிக்கொண்டே மடக்கப் பழகுங்கள். மேசை கையின் கனத்தைத் தாங்கிக்கொள்ளும், தசைக்கு இழுக்கும் வேலை மட்டும்தான். பத்துத் தடவை செய்து ஓய்வெடுங்கள். புதிதாக நரம்பு வந்த தசை சீக்கிரம் களைத்துவிடும். அதன் மேல் போட்டு வதைத்தால் உடம்பை ஆட்டி, தோளைத் தூக்கி ஏமாற்று வேலை செய்யும். கண்ணாடி முன் உட்கார்ந்தால் அந்த ஏமாற்று தெரியும். கரண்ட் வைப்பதைப் பொறுத்தவரை, மருத்துவர் சொன்னால் வையுங்கள். ஆனால் மிஷின் துடிக்க வைப்பதைப் படுத்துக்கொண்டு பார்ப்பது பயிற்சியாகாது. மூளை கட்டளையிட்டுத் தசை கேட்க வேண்டும்.

தசை பலத்தை 0 முதல் 5 வரை அளப்பார்கள். 0 என்றால் துடிப்பே இல்லை, 1 துடிப்பு மட்டும், 2 மேசை மேல் வழுக்கி அசைவது, 3 கையின் கனத்தையே எதிர்த்துத் தூக்குவது, 4 எதிர்ப்பைத் தாண்டித் தூக்குவது, 5 பழைய பலம். ஒவ்வொரு தசைக்கும் இந்த எண்ணை நோட்டில் குறித்து வையுங்கள். வண்டிக்கு இது தேவைப்படும்.

விரல் பிடிக்கு ரப்பர் பந்தைவிட எங்கள் பக்கத்தில் நல்ல பயிற்சி, கிழிந்த வலையைச் சரிசெய்வது. ஒரு கை வலைக்கண்ணை விரித்துப் பிடிக்க, மறு கை ஊசியைக் கோத்து முடிச்சை இறுக்க வேண்டும். கிள்ளுவது, இறுக்குவது, விடுவது மூன்றும் அதில் மாறி மாறி வரும். நிழலில் உட்கார்ந்து, பலமில்லாத கைக்கு வலைக்கண்ணை விரித்துப் பிடிக்கும் வேலையைக் கொடுங்கள்.

7. கடலைப் பயன்படுத்துவது

தையல் முழுதும் ஆறி, மருத்துவர் சம்மதித்த பிறகுதான் இது.

மார்பளவு நீரில் நின்றால் நீரே கையைத் தாங்கித் தூக்கும். தரையில் 2 மதிப்பெண் தசையால் முடியாத தோள் அசைவு நீரில் முடியும். நீச்சல்குளம் தேடி அலைய வேண்டாம், கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. எந்தக் கடல் என்பதுதான் கேள்வி. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, குமுறும்; வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், தேங்கிக் கிடக்கும்; அப்போது தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் இறங்கலாம். வாடைக்காலத்தில் அப்படியே தலைகீழ். அலையடிக்கும் பக்கம் ஒருபோதும் வேண்டாம். ஒரு அலை தோளை நழுவ வைத்துவிடும்.

துணைக்கு ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கட்டும். ஒரு கையால் நீந்திவிடலாம் என்று ஆழத்துக்குப் போகாதீர்கள். காலில் செருப்பு, உணர்வில்லாத கையில் முழுக்கைச் சட்டை. சொறி (ஜெல்லி மீன்) மிதக்கும் நாளில் இறங்கவே வேண்டாம். கை எரிவது உங்களுக்குத் தெரியாது.

8. சாவியை எடுப்பதற்கு முன் ஐந்து சோதனைகள்

கை மடங்குவதும் கை வண்டிக்குத் தயாராவதும் ஒன்றல்ல. சாலையில் கைக்கு மூன்று வேலைகள்: பிடிப்பது, பிரேக் போடும்போது முன்னால் சாயும் உடம்பைத் தாங்குவது, நழுவினால் மறுபடி தானே போய்ப் பிடிப்பது. மூன்றாவதை யாரும் சோதித்துப் பார்ப்பதே இல்லை.

வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் அணைத்து, மேலே உட்காருங்கள்.

முதல் சோதனை: பலமில்லாத கையைத் தொடையில் வைத்து, எதிரே தெருவைப் பார்த்தபடியே கொண்டுபோய் ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். குனிந்து பார்க்காமல், நல்ல கை உதவாமல், தொடர்ந்து பத்து முறை தவறாமல் வர வேண்டும். பள்ளத்தில் கை நழுவினால் இதுதான் உங்களைக் காக்கும். தோளும் முழங்கையும் 3-க்கு மேல் வராமல் இது முடியாது.

இரண்டாவது: கிளட்சை முழுதாக இழுத்து இரண்டு நிமிடம் பிடித்திருங்கள். பிறகு ஐம்பது தடவை இழுத்து மெதுவாக விடுங்கள். கடைசிப் பத்தும் முதல் பத்து மாதிரியே இருக்க வேண்டும். ராமநாதபுரம் பேருந்து நிலையப் பக்கத்து நெரிசலில் ஒரு தடவை மாட்டினாலே இவ்வளவு கிளட்ச் பிடிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது: சுவரில் இரு கையும் ஊன்றிச் சாய்ந்து, மெதுவாக மடக்கி எழுங்கள். பிறகு ஒருவரைப் பின்னாலிருந்து முதுகை லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். பலமில்லாத முழங்கை மடங்கிச் சரியக் கூடாது. திடீர் பிரேக்கில் ஒரு கை மட்டும் உடம்பைத் தாங்கினால், ஹேண்டில்பார் பலமில்லாத பக்கம் திரும்பிவிடும். மறுபடி விழுகிறவர்கள் விழுவது இப்படித்தான்.

நான்காவது: ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். எந்த நிலையிலும் தோள் இழுபடவோ பிடி தளரவோ கூடாது.

ஐந்தாவது: ஹெல்மெட்டை நீங்களே போட்டு, வாரைப் பூட்டி, இரு பக்கமும் தோளுக்கு மேலே திரும்பிப் பாருங்கள். கழுத்துத் தசையும் இந்தக் காயத்தில் பாதிக்கப்படுவதுண்டு; ஹெல்மெட்டின் கனம் அரைமணியில் தெரியும்.

ஐந்திலும் தேறினாலும், நரம்பு வலி மாத்திரையால் கிறுகிறுப்பு இருக்கும் வரை வண்டி கிடையாது. ‘வண்டி ஓட்டலாம்’ என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். உடல் தகுதியில்லாமல் வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 186-ஆம் பிரிவின்படி குற்றம்.

9. எந்த வண்டி, என்ன மாற்றம்

“கியர் வண்டி வேண்டாம், ஸ்கூட்டி எடுத்துக்கொடுங்கள்” என்பதுதான் எல்லா வீட்டிலும் முதல் பேச்சு. கொஞ்சம் யோசியுங்கள். ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில்தான், பின் பிரேக் இடது கையில். முழங்காலால் இறுக்கிப் பிடிக்க டேங்க்கும் கிடையாது. பிரேக் போட்டால் உடம்பின் பாரம் முழுக்கக் கைக்கு வரும். கியர் பைக்கில் முன் பிரேக் வலது கை, பின் பிரேக் வலது கால். எனவே இடது கை பலமில்லாதவருக்குக் கிளட்ச் மட்டும் பிடிக்க வந்துவிட்டால், ஸ்கூட்டரைவிட 100 சிசி பைக் பாதுகாப்பு. தம்பி அதைத்தான் ஓட்டுகிறான். வலது கை பலமில்லை என்றால் கதை வேறு. ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும் அந்தக் கையில்தான். ஆகவே அவர்கள் இன்னும் அதிகப் பலம் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

வண்டி 110, 115 கிலோவுக்குள் இருக்கட்டும். 180 கிலோவுக்கு மேல் உள்ள வண்டி சாயத் தொடங்கினால் ஒரு கையால் நிறுத்த முடியாது. செல்ப் ஸ்டார்ட் கட்டாயம்.

கிளட்ச் கேபிளை மாற்றுங்கள். எண்ணெய் விட்டால் போதும் என்று மெக்கானிக் சொல்வார், கேட்காதீர்கள். கரையோர வண்டியில் உப்புக்காற்று கேபிள் உறைக்குள்ளே துருவை ஏற்றி வைத்திருக்கும். நல்ல கைக்குத் தெரியாத அந்த இறுக்கம் பலமில்லாத கைக்கு மலை. புதுக் கேபிள் போட்டதும் எவ்வளவு லேசாகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். பிறகு லீவரைச் சற்றே கீழ்நோக்கித் திருப்பி, மணிக்கட்டு நேராக இருக்கும்போதே விரல் எட்டும்படி வையுங்கள். மணிக்கட்டு மடங்கியிருந்தால் பிடி பாதியாகக் குறையும். கைப்பிடி வழுக்கினால் கொஞ்சம் தடித்த ரப்பர் உறை போடுங்கள்.

10. ஓட்டும் வரிசை

முதலில் பள்ளி மைதானம் மாதிரி கெட்டித் தரை, காலை வெயிலுக்கு முன். கடற்கரை மணல் வேண்டாம். முன் சக்கரம் புதைந்து, ஹேண்டில்பார் கையைப் பிடுங்கும். நேராகப் போய் நிற்பது, எட்டுப் போடுவது, 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இரண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடித்து நிற்பது. நிற்கும்போதெல்லாம் முழங்காலால் டேங்கை இறுக்கப் பழகுங்கள். பாரம் காலுக்கு இறங்கிவிட்டால் கைக்கு வேலை குறையும்.

அது வழக்கமானதும் ஊர்த்தெரு. அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை, பகலில் மட்டும். தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை நேராகக் கிடக்கும் சாலையில் கை மரத்துப்போகும், அங்கேதான் கருவேலங்காட்டிலிருந்து ஆடுகளும் குறுக்கே வரும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கையை உதறி, விரல் நிறத்தைப் பாருங்கள்.

பின்னால் ஆள் ஏற்றுவதும் மீன் பெட்டி கட்டுவதும் இதற்கெல்லாம் பிறகு. பின்னால் கனம் ஏறினால் முன் சக்கரம் லேசாகி, ஹேண்டில்பார் ஆடும். மீன் வியாபாரத்துக்குத் திரும்ப வேண்டியவர்கள் வெறும் பெட்டி, பாதிப் பெட்டி, முழுப் பெட்டி என்று வாரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போகட்டும். அதுவரை லோடு ஆட்டோவில் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

பாம்பன் சாலைப் பாலம் கடைசி. இரண்டு கிலோமீட்டருக்கு மேல், இரு பக்கமும் கடல், மறைப்பே இல்லை. கச்சான் தெற்குப் பக்கமிருந்து அறையும்போது, வண்டியைக் காற்றுப் பக்கமாகச் சாய்க்க அந்தப் பக்கத்துக் கை ஹேண்டில்பாரை முன்னால் தள்ள வேண்டும். ராமேஸ்வரம் போகும்போது அது வலது கை, திரும்பும்போது இடது கை. இடது கை பலமில்லாதவர் போகும்போது சுலபமாகப் போய்விட்டு, திரும்பும்போது திண்டாடுவார். அதனால் முதல் தடவை காற்றில்லாத காலையில் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். வேகம் குறைத்து, படம் எடுக்க நிறுத்தியிருக்கும் வண்டிகளிலிருந்து விலகிப் போங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் பாலத்துப் பக்கமே வேண்டாம். தனுஷ்கோடி, அரிச்சல்முனைச் சாலையிலும் இதே காற்றுதான், கூடவே சாலையில் படியும் மணலும்.

11. கை முழுதாக வராவிட்டால்

சரியான மாதத்தில் சரியான அறுவை செய்தும் சிலருக்குக் கை பாதிதான் வரும். அதோடு முடிந்துவிடவில்லை. ஒன்றரை வருடம் தாண்டியவர்களுக்கும், தொடையிலிருந்து தசையை எடுத்து முழங்கை மடக்க வைக்கும் அறுவையும், வேலை செய்யும் தசைநாரை இடம் மாற்றும் அறுவையும் இருக்கின்றன. நரம்பு அறுவைக்குப் பின் இரண்டு, மூன்று வருடம் வரை பலம் கூடிக்கொண்டே வருவதும் உண்டு.

ஆனால் தொங்கும் கையைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் பைக் ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். இப்படி ஓட்டுகிறவர்கள் இந்தச் சாலையில் இருக்கிறார்கள். ஒரு ஆடு போதும்.

இடது கை வராதவருக்கு ஆட்டோமேட்டிக் கியர் காரில் ஸ்டியரிங் குமிழ் பொருத்தி ஓட்டுவது நல்ல வழி. இரு சக்கர வண்டியிலேயே கிளட்சையோ பிரேக்கையோ மறு பக்கம் மாற்றுவதானால், பட்டறையில் செய்துகொண்டு அப்படியே ஓட்டக் கூடாது. வண்டியின் அமைப்பை மாற்ற 52-ஆம் பிரிவின் கீழ் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அரசின் சலுகைகளுக்கெல்லாம் அதைத்தான் கேட்பார்கள். ஆர்.டி.ஓ. மாற்றத்தைப் பதிந்து கொடுத்ததும், ஆர்.சி. நகலைக் காப்பீட்டு நிறுவனத்தில் கொடுத்து, பாலிசியிலும் அந்த மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கையில் வாங்கிய பிறகு வண்டியைச் சாலையில் இறக்குங்கள்.